நிழலளக்கும் கோல்

சக்கரமும் வில்லும் கூடிய யந்திரங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னதாகவே, நம் ஜோதிஷர்களும் ஸ்தபதிகளும் பொழுதையும் திசையையும் நிச்சயிப்பதற்குக் கைக்கொண்டிருந்த கருவி, பன்னிரண்டு அங்குல உயரமுள்ள ஒரு கோலேயன்றி வேறில்லை. சங்கு என்று சாஸ்திரங்களில் வழங்கும் இக்கோலைச் சமமான தரையில் செங்குத்தாக நாட்டி, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும் பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து இணைத்தால், கிழக்கு மேற்கான கோடு கிடைத்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே நிழல் மிகக் குறுகி நிற்கும் கணமே உச்சிப்பொழுது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கச் சித்திரை முதல் தேதியைப் போல் தோதான நாள் வேறில்லை. அதை ஒட்டிய நாட்களில் நடுப்பகற் சூரியன் அவ்வூருக்கு நேர் உச்சியில் வந்து நிற்பதால், நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கி ஏறக்குறைய மறைந்து போகும். (ஆவணியில் மறுபடியும் இது நிகழும், இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுவதைக் கண்டு வியப்பவர் பலர்.) அந்தக் கணத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் பன்னிரண்டு இராது, சுமார் 12 மணி 20 நிமிஷம் இருக்கும். சற்று மேற்கே தள்ளியிருக்கும் ராஜபாளையத்தில் அதே உச்சிப்பொழுது இருபது விநாடிக்குள் வந்துவிடும். சூரியன் கணக்கில் இவ்விரு ஊர்களுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

இந்த இருபது நிமிஷத்துக்குக் காரணம் இதுதான்: பூமி ஒரு பாகை சுழல 4 நிமிஷம் ஆகிறது. நம் தேசத்துப் பொது நேரம் மிர்ஸாப்பூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அனுஷ்டிக்கப்படுவது. நம் ஊர்களோ அதற்கு மேற்கே ஏறக்குறைய ஐந்து பாகை தள்ளியிருப்பவை. 1906-க்கு முன் ரயில்கள் அனுசரித்த சென்னை நேரம், 1802-இல் கோல்டிங்ஹாம் என்னும் வானசாஸ்திரி நிர்ணயித்தது, அதுவுங்கூட இவ்வூர்ச் சூரியனுக்குப் பத்து நிமிஷத்துக்குச் சற்று மேலாக முந்தியதே. சூரியனும் அப்படியொன்றும் நியமம் தவறாதவனல்லன்: நவம்பர்த் தொடக்கத்தில் 12 மணி 3 நிமிஷத்துக்கும், பிப்ரவரி நடுவில் 12 மணி 34 நிமிஷத்துக்கும் உச்சியை அடைகிறான். ஆகவே இருபது நிமிஷப் பிசகை யாரும் பொருட்படுத்துவதில்லை. 1936-இல் ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்த பி. ஏ. சி. ராமசாமி ராஜா காலந்தொட்டு அவ்வூர் வாழ்வு ஷிப்டுக் கணக்கில் சுழல்கிறது. மில்லின் நூற்புக் கதிர்கள் சூரியனைப் பார்த்துச் சுழல்வதில்லை. சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணும் பஞ்சாங்கமோ ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்கு இன்றும் வேண்டியிருக்கிறது. ஒரே கடிகாரத்தை இரண்டு ஊர்களும் இரண்டு விதமாக ஆள்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சகிப்பு எல்லா இடத்திலும் சாத்தியமில்லை. அதே சித்திரை முதல் நாளில் அஸ்ஸாமின் ஜோர்ஹாட் தேயிலைப் பிரதேசத்தில் அதே கோலை நாட்டினால், உச்சிப்பொழுது 11 மணி 13 நிமிஷத்துக்கே வந்துவிடும். நிழலும் மறைவதில்லை, மூன்றே முக்கால் அங்குலம் வடக்கே நீளும். ஜூன் மாதத்தில் ராஜபாளையத்தில் ஆறு மணிக்கு விடியும்போது அங்கே பொழுது புலர்ந்து ஒன்றரை மணிக்கு மேலாகியிருக்கும். டிசம்பரிலோ நம் ஊரில் ஆறு மணிக்கு மேல் மறையும் சூரியன் அங்கே நாலரை மணியோடு விடைபெற்றுவிடுகிறான். கொழுந்து கிள்ளுவது வெளிச்சத்தை நம்பிய தொழில் ஆகையால், அத்தோட்டங்கள் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்து அதைப் 'பாகான் நேரம்' என வழங்குகின்றன. தோட்டத்துக் கடிகாரத்தின்படி அங்கே உச்சிப்பொழுது 12 மணி 13 நிமிஷம். நம் ஊரில் 12 மணி 20 நிமிஷம். ஆயிரக்கணக்கான மைல் பிரயாணத்துக்கு அப்பாலுள்ள தோட்டத் தொழிலாளியும் நம் மில் தொழிலாளியும், தத்தம் கடிகாரம் ஏறக்குறைய ஒரே மணியைக் காட்டும்போதே சூரியனை உச்சியில் காண்கின்றனர். சங்கடமெல்லாம் தோட்டத்து வாசலைத் தாண்டும்போதுதான்: பத்து மணிக்குத் திறக்கும் பாங்கு, தோட்டத் தொழிலாளியின் கடிகாரத்தில் பதினொன்றுக்குத் திறக்கிறது.