மண்ணை வெட்டுமுன் மணியை எண்ணுங்கள்!

ஒரு நாள் காலையில் உங்கள் தெருவில் மஞ்சள் நிற யந்திரம் ஒன்று வந்து நிற்கிறது. முன்னால் அகன்ற வாளி. பின்னால் நீண்ட கை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பால்காரர், திண்ணைத் தாத்தா எல்லோரும் சுற்றி நின்று விடுகிறார்கள். ஆட்கள் பலர் கூடையும் சும்மாடுமாக நாள் முழுவதும் சுமக்க வேண்டிய மண்ணை, அது காபி வேளைக்குள் அள்ளிக் கொட்டி விடுகிறது. வீட்டுக்காரர் நோட்டுகளை எண்ணிக் கொடுக்கிறார். கூட்டத்தில் ஒருவருடைய மனசுக்குள் மட்டும் கணக்கு ஓடுகிறது. "மணிக்கு இவ்வளவு என்றால் மாதத்துக்கு எவ்வளவு! நாமும் ஒன்று வாங்கினால் என்ன?"

அந்த ஒருவர் நீங்கள்தானா? அப்படியானால் மேலே படியுங்கள். கையோடு உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். முன்பணத்துக்காக அடகுக்குப் போகப் போவது பெரும்பாலும் அவருடைய நகையாக இருக்கும்!

சிறு கொட்டகையில் தொடங்கிய கதை

இந்த யந்திரத்தின் கதையே ஒரு குடும்பத்தின் கதைதான். இங்கிலாந்தில் உட்டாக்ஸெட்டர் என்ற ஊரில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் இருந்தார். விவசாயக் கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1945-ஆம் ஆண்டில் சிறிய கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பழைய வெல்டிங் கருவி ஒன்றை வைத்துக் கொண்டு, யுத்தத்தில் மிஞ்சிய உதிரிச் சாமான்களால் ஓர் இழுவை வண்டி செய்து விற்றார். அவருக்கு மகன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். முன்னால் அள்ளவும் பின்னால் தோண்டவும் கூடிய வண்டியை 1953-இல் செய்தார். அவர் பெயரின் முதல் எழுத்துக்களே ஜே.சி.பி. நம் நாட்டில் 1979-இல் ஹரியானாவின் பல்லப்கரில் அதன் தயாரிப்பு தொடங்கியது. இன்று எந்தக் கம்பெனி வண்டியானாலும், டயர் இருந்தால் 'ஜே.சி.பி.', சங்கிலி இருந்தால் 'ஹிட்டாச்சி' என்றே நம் ஊர்க்காரர்கள் சொல்லி விடுகிறார்கள்!

இனி நம் ஊருக்கு வருவோம். சங்ககிரிப் பக்கத்தில் அண்ணனும் தம்பியுமாக ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அண்ணன் யந்திரம் வாங்கத் தீர்மானித்து விட்டார். மனைவியிடம் வளையலைக் கேட்கிறார். அந்த அம்மாள் கழற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறார்.

முதல் கேள்வி: "ஏனுங்க, மாசத்துக்கு எத்தனை மணி ஓடுமுங்க?"

சரியான கேள்வி! கணக்குப் பார்ப்போம். மணிக்கு வாடகை ரூ.1,200 என்று வையுங்கள். டீசலுக்கு ரூ.480 போகிறது. டிரைவர் சம்பளமும் பேட்டாவும் மணிக்கு ரூ.200. கிரீஸ், ஆயில், டயர், பழுது ஆகியவற்றுக்கு ரூ.150 எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் ரூ.370. மாதத் தவணை ரூ.74,000 என்றால், 200 மணி ஓடினால்தான் தவணை தீரும். இருபத்தைந்து நாள், நாளுக்கு எட்டு மணி! இருநூற்றோராவது மணியில்தான் வீட்டுக்கு முதல் ரூபாய் வருகிறது. உங்கள் ஊர் வாடகையையும் டீசல் விலையையும் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

சித்திரையிலும் வைகாசியிலும் வேலை ஓடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் யார் கூப்பிடுவார்கள்? தவணைக்கு மழைக்காலம் தெரியாது. தவிர, வேலை முடிந்த அன்றைக்கே பணம் வருவதில்லை. பெரிய காண்ட்ராக்டரிடம் பில் மூன்று மாதம் தூங்கும். டீசல் பங்க்காரர் தூங்க மாட்டார். ஆகவே, மூன்று மாதத் தவணையைக் கையில் வைத்துக் கொள்ளாமல் யந்திரத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு வராதீர்கள்.

இரண்டாவது கேள்வி: "எந்த வண்டி வாங்கப் போறீங்க?"

"பெரிசாகவே வாங்கி விடலாம்!" என்கிறார் தம்பி. பொறுங்கள். வீட்டு அஸ்திவாரம், குழாய்ப் பள்ளம், எருக் குப்பை அள்ளுவது என்று ஊர் ஊராகச் சில்லறை வேலையா? டயர் வண்டிதான் ஏற்றது. தானே ரோட்டில் ஓடிப் போகும். ஆனால் அப்படி ஓடும் நேரத்துக்கும் டீசல் உண்டு. பல இடங்களில் வாடகை இல்லை என்பதை மறக்காதீர்கள்.

ஏரி ஆழப்படுத்துவது, பெரிய மேட்டை வெட்டுவது போல ஒரே இடத்தில் பல வாரம் வேலை இருந்தால் சங்கிலி வண்டி நல்லது. நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி அள்ளும். ஆனால் இடம் மாற வேண்டுமானால் டிரெய்லரில் ஏற்ற வேண்டும். அதன் பழுதுச் செலவில் பெரும் பங்கு சங்கிலியும் உருளைகளும் கொண்ட அடிப்பகுதிக்கே போய் விடும். லாரிகளும் கணக்காக வர வேண்டும். நாலைந்து வாளியில் லாரி நிரம்ப வேண்டும். அது போவதற்குள் அடுத்த லாரி வந்து நிற்க வேண்டும். லாரி வராத நேரமெல்லாம் யந்திரம் சும்மா உறுமிக் கொண்டே டீசல் குடிக்கும்.

இன்னொரு ரகசியம்: மண் வெட்டினால் பொங்கும்! குழியில் நூறு யூனிட் இருந்த மண், லாரியில் ஏறும்போது சுமார் நூற்றிருபத்தைந்து யூனிட் ஆகி விடும். மண்ணின் தரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். குழி அளவுக்கு விலை பேசிவிட்டு, லாரிக்காரருக்கு ஏற்றிய அளவுக்குக் கூலி கொடுத்தால், அந்த இருபத்தைந்து யூனிட்டின் வாடகை உங்கள் தலையில் விழும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்பி விடாதீர்கள். அதைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. கையை நீட்டி வாளியைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் மூட்டுகள் ஆடும். சிலிண்டர் தண்டில் எண்ணெய் கசிகிறதா, காலைக் குளிரில் எஞ்சின் எந்த நிறத்தில் புகை விடுகிறது என்று பாருங்கள். நம்பகமான மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

மூன்றாவது கேள்வி: "கொழுந்தனாருக்குச் சம்பளம் எவ்வளவுங்க?"

அண்ணன் சிரிக்கிறார். "அவன் நம்ம பையன். அவனுக்கு எதுக்குச் சம்பளம்?"

வாசகர்களே, பல குடும்பத் தொழில்களில் பள்ளம் விழுவது இந்த இடத்தில்தான். தம்பி வெயிலில் லீவரைப் பிடிக்கிறார். அண்ணன் பணம் வசூலிக்கிறார். முதல் வருஷம் பாசம் போதும். தம்பிக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்த பிறகு, பால் பவுடருக்கும் அண்ணனிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். "வேர்வை நம்முடையது, பாங்க் புஸ்தகம் யாருடையது?" என்று அந்தப் பெண் கேட்டால் அதில் என்ன தப்பு? வெளி டிரைவருக்கு என்ன சம்பளமோ அது தம்பிக்கு, மேற்பார்வைக்கு உள்ளது அண்ணனுக்கு, மிச்சத்தில் பங்கு. முதல் நாளே எழுதி வைத்து விட்டால் அண்ணியும் கொழுந்தனும் கடைசி வரை ஒரே பந்தியில் சாப்பிடலாம். சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் வருகிற லாபம் லாபமே அல்ல. தம்பியிடம் வாங்கிய கடன்!

இரண்டாவது யந்திரம் எப்போது?

முதல் வண்டி நன்றாக ஓடுகிறதே என்று உடனே அடுத்ததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் தொடக்க மணி, முடிந்த மணி, டீசல், வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில், யந்திரம் இல்லாததால் கைவிட்ட வேலைகளைக் குறியுங்கள். அப்படிப்பட்ட வேலைகளுக்கு முதலில் பக்கத்து ஊர்க்காரரின் வண்டியை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மழை மாதங்கள் உட்பட ஒரு வருஷம் அந்த வாடகை வண்டிக்கும் தவணை தீரும் அளவுக்கு மணி சேர்ந்தால், அப்போது தாராளமாக வாங்குங்கள்.

சங்ககிரி அண்ணன் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அன்று வளையல் கிடைக்கவில்லை. ஆறு மாதம் தம்பியுடன் வாடகை வண்டியில் வேலை செய்து, நோட்டோடு திரும்பி வந்தார். அந்த அம்மாள் அடுப்பங்கரை விளக்கடியில் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். தம்பி சம்பளம் எழுதியிருந்த வரியைக் கண்டதும், ஒன்றும் பேசாமல் வளையலைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தார்.