ஈ, தா, கொடு: ஒரு வெள்ளியின் இலக்கணம்

ஒன்றைக் கேட்பதற்குரிய சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றனைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தாழ்ந்தோன் 'ஈ' என்பான். ஒத்தோன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான். கேட்பவரின் நிலையை அவர் கேட்கும் சொல்லே காட்டிவிடும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனப் போராடிய 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். தோட்டத் தொழிலாளரும் தந்தனர். துறையின் நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வந்தன. செல்வரிடமும் தொழிலாளரிடமும் கேட்கப்பட்டது ஒரே தொகை. எனவே அது 'தா' என்னும் சொல்லுக்குரிய கொடை.

இன்று அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு நன்கொடை அளிப்போர்க்கு மலேசிய வருமான வரிச் சட்டம் வரிக்கழிவு தருகிறது. அது நல்ல ஏற்பாடே. ஆயினும் வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்க்கு அதனால் பயனில்லை. அவருடைய ஒரு வெள்ளி எந்தச் சலுகையையும் நோக்கி வருவதன்று.

அம்பாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்காக நிதி திரட்டப் புறப்படும் மாணவர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். பெருந்தொகை கட்டடத்தை எழுப்பும். அப்பள்ளி தம்முடையது என்னும் உரிமையுணர்வோ, பலரிடமும் 'தா' என்று கேட்கும்போதே பிறக்கும்.