ஊர் திரும்பிய பின் தொடங்கும் இருமல்

நிணநீர் மண்டலத்தில் தோன்றும் லிம்போமா என்னும் புற்றுநோய், தணிந்து மீண்டும் தலைதூக்கும்போது, நோயாளியின் இரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்து உறைய வைத்துக்கொண்டு, மிகக் கடுமையான கீமோதெரபி கொடுத்து, அதில் அழியும் எலும்பு மஜ்ஜையை அந்தக் குருத்தணுக்களைக் கொண்டே மறுபடி துளிர்க்கச் செய்கிறார்கள்; இதுவும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986இலேயே தொடங்கிவிட்டது. பெரிய கட்டி இருந்த இடத்திலோ, எச்சம் தென்படும் இடத்திலோ நோய் திரும்பாதிருக்க, இரத்த அணுக்கள் ஓரளவு தேறியதும் சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுக்கப்படுகிறது. ஊர்வழக்கில் கரண்ட் வைப்பது எனப்படும் இச்சிகிச்சையில், திசு ஏற்கும் ஆற்றலை அளக்கும் அலகான கிரே கணக்கில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாள், மொத்தம் 30 முதல் 36 கிரே வரை செலுத்துவது வழக்கம்.

களைப்பு, தோல் கருத்தல், மார்பில் கதிர் பட்டால் விழுங்கும்போது எரிச்சல், கழுத்தில் பட்டால் வாய் வறட்சி ஆகியவை சிகிச்சைக் காலத்திலேயே தெரிந்து, பெரும்பாலும் சில வாரங்களில் தணிபவை. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் மஜ்ஜை மிகுதி என்பதால், அங்கே கதிர் படும்போது புதிதாகத் துளிர்த்த மஜ்ஜை தளர்ந்து தட்டணுக்கள் குறையக்கூடும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

கூடுதல் கவலைக்குரியது, எல்லாம் முடிந்து சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லி போன்ற ஊருக்குத் திரும்பி, மரவள்ளிக் காட்டு வேலையை மறுபடி தொட்ட பிறகு, ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள், மார்பில் பட்ட கதிரால் தலைகாட்டும் நுரையீரல் அழற்சியே. மாற்றுச் சிகிச்சைக்கு முன் தரப்படும் கார்முஸ்டின், லிம்போமாவின் ஹாட்ஜ்கின் வகைக்குத் தரப்படும் பிளியோமைசின் ஆகிய மருந்துகளும் நுரையீரலைப் புண்படுத்தக்கூடியவை என்பதால் ஆபத்து கூடுகிறது. வறட்டு இருமல், இலேசான காய்ச்சல், வரப்பேறினாலே மூச்சிரைப்பு என்று அது வரும்போது, காசநோயோ சளியோ என்று எண்ணுவது இயல்பு. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்க்குக் கிருமித்தொற்று வரவே செய்யும் என்பதால், சளிப் பரிசோதனையும் அவசியம். ஆனால் அதில் கிருமி இல்லையென்றதும் விசாரணை முடிந்துவிடக் கூடாது. கிருமித்தொற்று நுரையீரலின் இயற்கையான மடல்களை ஒட்டிப் பரவ, கதிர் அழற்சியின் நிழலோ, பெரும்பாலும் மடல் எல்லையை மதிக்காமல், கதிர் பாய்ந்த வழியையே பின்பற்றும். அதற்கு மருந்து ஸ்டீராய்டு. இருமல் நின்றது என்று நோயாளி அதைச் சட்டென நிறுத்தினால் அழற்சி திரும்பி வரக்கூடும்; மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

கழுத்தைக் குனித்தால் முதுகில் மின்னதிர்ச்சி பாய்வது போன்ற உணர்வும் சிலருக்குச் சில மாதங்களுக்குப் பின் வந்து, பெரும்பாலும் தானே மறையும். கழுத்தில் கதிர் பட்டவர்க்குத் தைராய்டு சுரப்பு குறைவது பல ஆண்டுகள் கழித்தும் நேர்வதால், ஆண்டுதோறும் எளிய இரத்தப் பரிசோதனை தேவை. இதய நோயும், இளம் வயதில் மார்பில் கதிர் ஏற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றும் பத்தாண்டு கடந்தும் வரக்கூடியவை. மார்பில் கதிர் ஏற்றவருக்குப் புகைபிடித்தல் நுரையீரல் புற்றின் அபாயத்தைப் பன்மடங்காக்குகிறது.

இவற்றையெல்லாம் கண்டறிய, ஆத்தூரிலோ சேலத்திலோ மருத்துவர் கையில் இருக்க வேண்டியது, உடலில் எந்த இடத்தில், எந்தத் தேதிகளில், மொத்தம் எத்தனை கிரே, அதற்கு முன் என்னென்ன மருந்து என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தாள். வீடு திரும்பும் நாளில் அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.