தலைப்பாகையும் பெயரும்

பிரெஞ்சு ஓவியத்தின் கீழ்த்திசை மோகம் என்றதும் அந்தப்புர நிர்வாண ஓவியங்களே நம் நினைவுக்கு வருகின்றன. பெண்களின் உருவப்படங்களிலும் அந்த மோகம் உண்டு. கீழ்த்திசை உடை அங்கே யாருக்கு வேடம், யாருக்கு அடையாளம் என்று கேட்டால் அதன் அரசியல் விளங்கும்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியான மதாம் தெ பொம்பதூர், தம் பெல்வியூ மாளிகைப் படுக்கையறைக்காகத் தம்மைத் துருக்கிய சுல்தானாவாக வரையச் செய்தார். வரைந்தவர் கார்ல் வான் லூ. படத்தில் கறுப்பினப் பணிப்பெண் ஒருவர் அவருக்குக் காப்பி தருகிறார். பொம்பதூர் வேடத்தைக் கலைத்தாலும் பெயரும் அதிகாரமும் அவரோடு இருக்கும். பணிப்பெண்ணுக்குப் பெயரே இல்லை. எசமானியின் உயர்வைக் காட்டவே அவர் அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்.

1798இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்த பிறகு காஷ்மீர் சால்வை பாரிஸ் சீமாட்டிகளின் நாகரிகமானது. 1806இல் காட்சிக்கு வந்த ஆங்கரின் மதாம் ரிவியேர் உருவப்படத்தில் அந்தச் சால்வை உடலைச் சுற்றி வழிகிறது. அணிந்தவரின் பெயர் நிலைத்தது. நெய்தவர் யாரென்று எவரும் கேட்கவில்லை.

இவற்றோடு, மாரி கில்லெமின் பெனுவா 1800இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தைப் பார்ப்போம். வெண்துணியால் தலைகட்டிய கறுப்பினப் பெண், மார்பு திறந்த நிலையில், நம்மை நேராகப் பார்க்கிறார். அவர் குவாதலூப் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். பிரான்ஸ் 1794இல் அடிமைமுறையை ஒழித்து, 1802இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தின் படம் இது. பாரிஸ் சீமாட்டிகளும் அன்று தலைப்பாகை அணிந்தார்கள். அவர்களுக்கு அது நாகரிகம். இவருக்கோ அந்நியர் என்ற முத்திரை. படத்தின் தலைப்பு இவரை 'ஒரு நீக்ரோப் பெண்' என்று மட்டுமே சொன்னது. வரைந்தவரும் பெண்தான் என்பதால் அந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடவில்லை.

2019இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியில் இதனை 'மதலேனின் உருவப்படம்' என்று பெயர் மாற்றி வைத்தது. அந்தப் பெயரும் எசமானர் இட்டதாக இருக்கலாம். ஆனாலும் இனத்தின் பெயரால் மட்டும் அழைக்கப்பட்டவர் ஒரு மனிதராக அழைக்கப்பட 219 ஆண்டுகள் ஆயின. சாதிப் பெயராலேயே கூப்பிடப்பட்டவர்களின் பிள்ளைகளான நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்த ஓவியத்தின் முன் நின்றாலும், நடுவில் இருப்பவரைப் பார்த்த கண்ணால் ஓரத்தில் இருப்பவரையும் பார்ப்போம். அவர் பெயரைக் கேட்போம்.