பிளாட்டினத்துக்குக் கந்தகம் ஆகாது

டீசலில் நாப்தலீன் மாதிரியான வளையச் சேர்மங்கள் (ஆமாம், அந்துருண்டை நாப்தலீனேதான்) அதிகம் இருந்தால் சீட்டேன் எண் குறையும், புகைக்கரி கூடும். அதனால் சுத்திகரிப்பு ஆலைகளில் அவற்றோடு ஹைட்ரஜனைச் சேர்க்கிறார்கள். இதற்குப் பிளாட்டினமும் பல்லேடியமும் அருமையான வினையூக்கிகள். சிக்கல் என்னன்னா, இரண்டுக்குமே கந்தகம் ஆகாது.

"அப்போ கந்தகத்தைத் தாங்குற நிக்கல்-மாலிப்டினம் சல்பைடையே வச்சுக்கலாமே?" நியாயமான கேள்விதான். ஆனால் அது வேலை செய்ய 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். இதுவோ வெப்பத்தை வெளிவிடும் வினை. சூடு ஏற ஏறச் சமநிலை பின்னோக்கி நகர்ந்து, சேர்த்த ஹைட்ரஜன் மறுபடி கழலும். குறைந்த சூட்டில் முடிக்க வேண்டுமென்றால் பிளாட்டினத்திடம்தான் வரவேண்டும்.

பத்து லட்சத்தில் 10 பங்கு கந்தகம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒட்டியது விடாவிட்டால் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கந்தக அணு உட்கார்ந்தால் பக்கத்து அணுக்களும் கெடும். வளைய மூலக்கூறு படுத்துக்கொள்ளப் பல அணுக்கள் அகலத்துக்கு இடம் வேண்டுமே!

ஜியோலைட் இங்கே எப்படி உதவுகிறது? ஒய் வகை ஜியோலைட்டின் அமில மையங்கள், தமக்குள் இருக்கும் ஒரு நானோமீட்டர் அளவு உலோகத் துகளிடமிருந்து எலக்ட்ரானை இழுக்கின்றன என்பது பரவலான விளக்கம். கந்தகம் உலோகத்திடம் எலக்ட்ரான் வாங்கிக்கொண்டுதான் ஒட்டுகிறது. கொடுக்க இல்லாதவனிடம் கடன்காரன் ரொம்ப நேரம் உட்காரமாட்டான், அவ்வளவுதான். பிளாட்டினத்தோடு பல்லேடியமும் கலந்தால் தாங்குதிறன் இன்னும் கூடும். ஆனால் அதே அமிலம் மூலக்கூறுகளை உடைக்கும், கரியும் படிய வைக்கும்.

இன்னொரு வழி, கந்தகத்தை வாசலிலேயே நிறுத்துவது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுன்ஷான் சாங் 1999-இல் முன்வைத்த யோசனை இது. பெரிய துளையில் வளையச் சேர்மம் வினைபுரியும். 5 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த சிறு துளைக்குள் தயோஃபீன் போன்றவை நுழைய முடியாது. ஹைட்ரஜன் நுழைந்து, அங்குள்ள உலோகத்தில் அணுக்களாகப் பிரிந்து, வெளியே வழிந்து, கந்தகம் பிடித்த உலோகத்தை மீட்கும்.

கேட்க அழகாக இருக்கிறது. என் சந்தேகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேல்தான். அதன் அளவு 3.6 ஆங்ஸ்ட்ராம், சோடியம் ஏ ஜியோலைட்டின் வாசல் ஏறக்குறைய 4. தாராளமா உள்ளே போயிடும்! சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் வைத்தால் வாசல் 3 ஆகச் சுருங்கும். ஆனால் அப்போது 2.9 இருக்கும் ஹைட்ரஜனே திணறித்தான் போகணும். அதுபோக, பிரிந்த ஹைட்ரஜன் எவ்வளவு தூரம் வழியும்? 2017-இல் நேச்சரில் வந்த ஆய்வில் டைட்டானியா மேல் தாராளமாக ஓடியது. அலுமினா மேல் மிகக் குறுகிய தூரத்தோடு நின்றுவிட்டது. ஜியோலைட்டும் அலுமினா போல மின்கடத்தாப் பொருள்தான்.

அதனால் "கந்தகம் தாங்கும் வினையூக்கி" என்று தலைப்பைப் பார்த்தால், சோதனையில் தயோஃபீன் மட்டும்தானா, ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்தார்களா, எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். ஆலைகளில் இன்னமும் இரண்டு கட்டம்தான்: முதலில் சல்பைடு வினையூக்கியால் கந்தகத்தைப் பிரித்து, அந்த வாயுவை வெளியேற்றி, அதன்பிறகே எண்ணெயைப் பிளாட்டினத்திடம் அனுப்புகிறார்கள்.