தோல்வி என்ன கற்றுக்கொடுக்கும்? கனடிய அரசியல்வாதி ஒருவரின் பதில்

ஹார்வர்ட் பேராசிரியர். கனடாவின் லிபரல் கட்சித் தலைவர். ஆனால் 2011 பொதுத்தேர்தலில் சொந்தத் தொகுதியிலேயே தோத்துட்டார். அவர்தான் மைக்கல் இக்னாட்டியெஃப்.

என்ன நடந்தது?

மொத்தம் 308 இடங்கள். லிபரல் கட்சிக்குக் கிடைத்தது 34. கட்சி வரலாற்றிலேயே முதல்முறையாக 3ஆம் நிலை. மறுநாளே பதவி விலகினார்.

ஏன் தோற்றார்?

பல ஆண்டு வெளிநாட்டில் இருந்தவர். "இவர் சும்மா வந்துட்டுப் போறவர்" என்ற தொனியில் கன்சர்வேட்டிவ் கட்சி விளம்பரம் செய்தது. "நமக்காகப் பேச இவருக்கு என்ன தகுதி?" என்ற சந்தேகம் வந்துவிட்டால், கொள்கை எவ்வளவு நல்லதா இருந்தாலும் மக்கள் காதுகொடுக்க மாட்டாங்க. 2013இல் வெளிவந்த 'ஃபயர் அண்ட் ஆஷஸ்' நூலில் அவர் சொல்லும் பாடம் இது.

இன்னொரு தவறு?

2003 ஈராக் போரை ஆதரித்தார். 2007இல் அது தப்பு என்று எழுதினார். வகுப்பறையில் தவறான கருத்து வெறும் கருத்துதான்; அரசாங்கத்தில் அது உயிர்களைப் பறிக்கும் என்பது அவர் வாதம்.

உங்களுக்கு என்ன?

எதிர்த்துப் பேசுபவர் போட்டியாளர், எதிரி இல்லை என்கிறார் அவர். அடுத்த முறை நண்பரோடு அரசியல் வாக்குவாதம் வந்தால், இதை நினைச்சுப் பாருங்க.