அமைதிப் படையும் ஆயுதக் கப்பலும்

இரு நாடுகளின் நட்பை வணிகப் புள்ளிவிவரங்களால் அளப்பது பொருளாதாரம் கற்பித்த என் போன்றோரின் வழக்கம். ஆனால் ஆர்ஜென்டீனா - குரோஷியா உறவின் முதல் சில ஆண்டுகளை அப்படி அளக்க முடியாது. அன்றைய முக்கியமான வணிகம் எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் அதன் உண்மையான முகவரியோடு இடம்பெறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே டால்மேஷியக் கரையோர மக்கள் பிழைப்புத் தேடி ஆர்ஜென்டீனாவில் குடியேறினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வந்தவர்களில் நாஜி ஆதரவு அரசின் தலைவர் அன்டே பவேலிச்சும் ஒருவர் என்பது அந்த வரலாற்றின் கறை. 1991 ஜூனில் குரோஷியா விடுதலையை அறிவித்தது. 1992 ஜனவரியில் ஆர்ஜென்டீனா அதனை அங்கீகரித்தது.

இதற்கிடையே, 1991 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை யுகோஸ்லாவியா முழுமைக்கும் ஆயுதத் தடை விதித்தது. கனரக ஆயுதங்களோ யுகோஸ்லாவிய ராணுவத்தின் கையில் இருந்தன. ஆகவே சமமாக விதிக்கப்பட்ட தடை, சமமற்ற விளைவையே தந்தது. தடை தேவையை ஒழிப்பதில்லை. விலையை உயர்த்தும், இடைத்தரகரை வளர்க்கும். குரோஷியா ஆயுதம் தேடியதை என்னால் குறைகூற இயலாது. விற்றவரின் நிலை வேறு.

அதிபர் கார்லோஸ் மெனெம் அமைச்சர்களுடன் கையெழுத்திட்ட ரகசிய ஆணைகளில், ஆயுதங்கள் செல்லுமிடமாக பனாமாவும் வெனிசுவேலாவும் குறிக்கப்பட்டன. 1989-இல் அமெரிக்கப் படையெடுப்புக்கு உள்ளான பனாமாவில் அதன் பின்னர் ராணுவமே கலைக்கப்பட்டுவிட்டது. ராணுவம் இல்லாத நாட்டுக்கு எதற்குப் பீரங்கி என்று கேட்க ஒரு குமாஸ்தாகூட இல்லாமற் போனது வியப்பே. 1991 முதல் 1995 வரை ஏறத்தாழ 6,500 டன் ஆயுதங்கள் குரோஷியாவுக்கும் ஈக்வடாருக்கும் சென்றன. அதே காலத்தில் ஆர்ஜென்டீன வீரர்கள் நீலத் தொப்பி அணிந்து, ஐ.நா. அமைதிப் படையினராகக் குரோஷிய மண்ணில் நின்றிருந்தனர்!

ஈக்வடார் விவகாரம் இன்னும் மோசம். 1995-இல் அந்நாடு பெருவுடன் போரிட்டபோது, அவ்விரு நாடுகளுக்கும் இடையிலான 1942-ஆம் ஆண்டு உடன்பாட்டுக்கு உத்தரவாதம் அளித்த நாடுகளுள் ஆர்ஜென்டீனாவும் ஒன்று. அந்தக் காயத்துக்காக அதிபர் கிறிஸ்டினா பெர்னாண்டஸ் 2010-இல் பெருவுக்கே சென்று வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. குரோஷியாவுடனான உறவுக்கு இத்தகைய சேதம் இல்லை. பொருள் வாங்கியவருக்கு மனக்குறை எதற்கு?

உண்மையான சேதம் உள்நாட்டில்தான் நிகழ்ந்தது. 1995 நவம்பர் 3 அன்று கோர்டோபா மாகாணத்தின் ரியோ தெர்சேரோ நகரில் அரசு ஆயுதத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 7 பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். கணக்கில் குறைந்த ஆயுதங்களை மறைக்க அது திட்டமிட்டு நிகழ்த்தப்பட்டது எனக் கண்ட நீதிமன்றம், 2014-இல் நால்வருக்குத் தண்டனை விதித்தது.

ஆயுதங்கள் எங்கே சென்றன என்பது தமக்குத் தெரியாது என்பதே மெனெமின் வாதம். ஆயுதக் கடத்தல் வழக்கில் 2013-இல் அவருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. செனட்டர் என்பதால் சிறை செல்லவில்லை. வழக்கு அளவுகடந்து நீண்டுவிட்டது என்று கூறி 2018-இல் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெடிவிபத்து தொடர்பாக அவர் மீதான விசாரணை 2021 பிப்ரவரி இறுதியில் தொடங்கவிருந்தது. அம்மாதம் 14-ஆம் தேதி அவர் காலமானார்.